ஃபார்ம் பில்லை நீட்டித்தார்கள், சின்னப் பண்ணைகளுக்கான பணம் மட்டும் ஏன் நின்றது?

மாடிசன்_மலர்:

விஸ்கான்சினில் மாடிசன் பக்கம் இருக்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு தம்பதி ஆறேழு ஏக்கரில் ஆர்கானிக் காய்கறி போடுகிறார்கள். வசந்தத்திலேயே மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால் கோடை முழுக்க வாராவாரம் ஒரு பெட்டி காய் வந்துவிடும். ஆர்கானிக் சான்றிதழுக்கு ஆகும் கட்டணத்தில் பெரும்பங்கை அரசு திருப்பித் தந்துகொண்டிருந்ததாம். 2025 தொடக்கத்தில் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை என்று தெரியவந்திருக்கிறது. "ஃபார்ம் பில்லை நீட்டித்தார்கள், எங்கள் பணத்தை நீட்டிக்கவில்லை" என்றார் அந்த அம்மா.

ஃபார்ம் பில் என்பது அமெரிக்காவின் விவசாயத் திட்டங்களை ஒன்றாகச் சேர்த்த பெரிய சட்டம் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். அதனால் இது பிடிபடவே இல்லை. சட்டம் உயிரோடு இருக்கும்போது அதிலுள்ள ஒரு திட்டத்துக்கு மட்டும் எப்படிப் பணம் இல்லாமல் போகும்? அதே மாநிலத்தில் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு உதவி நிற்கவில்லையே. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக விளக்குங்கள்.

அயோவா_கதிர்:

மலர், நான் ஏம்ஸ் பக்கம் ஒரு பயிர்க் காப்பீட்டு ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். இந்தச் சட்டத்தோடுதான் என் பிழைப்பு, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஃபார்ம் பில்லில் ஒரு திட்டத்தின் பெயர் இருப்பது வேறு, அதற்குப் பணம் இருப்பது வேறு. பணம் இரண்டு வழியில் வருகிறது. முதலாவது மாண்டேட்டரி. சட்டம் நிறைவேறும்போதே பணமும் உறுதியாகிவிடும். இரண்டாவது டிஸ்க்ரிஷனரி. இங்கே சட்டம் "இவ்வளவு வரை செலவழிக்கலாம்" என்று அனுமதி மட்டும் தரும். வருஷா வருஷம் அப்ராப்ரியேஷன்ஸ் கமிட்டி, அதாவது நாடாளுமன்றத்தின் நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டி, ஒதுக்கினால்தான் காசு. ஆராய்ச்சி, கிராமப்புற வளர்ச்சி இவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வழியில்தான்.

சான்றிதழ் உதவி முதல் வகையைச் சேர்ந்தது. கட்டணத்தில் 75 சதவீதம், பயிர், கால்நடை என ஒவ்வொரு பிரிவுக்கும் அதிகபட்சம் 750 டாலர். ஆனாலும் அது ஏன் நின்றது? அங்கேதான் பேஸ்லைன் வருகிறது. அடுத்த பத்து ஆண்டுகளுக்கு ஒவ்வொரு திட்டத்துக்கும் எவ்வளவு செலவாகும் என்று காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) பட்ஜெட் அலுவலகமான சிபிஓ கணக்குப் போட்டு வைக்கும். சட்டம் காலாவதியானாலும் பெரிய திட்டங்கள் தொடரும் என்றே வைத்துக்கொள்வார்கள். ஆண்டுச் செலவு 5 கோடி டாலரைத் தாண்டாத திட்டங்களுக்குப் பொதுவாக அந்தச் சலுகை இல்லை. சட்டத்தின் கடைசித் தேதியோடு அவற்றின் கணக்கு பூஜ்யம். நீட்டிப்பு வரும்போது யாராவது புதுப் பணம் கண்டுபிடித்துத் தரவேண்டும், அதுவும் வேறெங்காவது வெட்டி. சின்னதாக இருப்பதாலேயே ஒரு திட்டம் ஒவ்வொரு முறையும் கை ஏந்தி நிற்கவேண்டியிருக்கிறது. இது அநியாயம் என்று நான் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2018-ல் கையெழுத்தான ஃபார்ம் பில் 2023 செப்டம்பரோடு முடிந்தது. அதன்பிறகு நீட்டிப்பு, நீட்டிப்பு, இன்னொரு நீட்டிப்பு. 2024 டிசம்பரில் நீட்டித்தபோது இந்த அனாதைத் திட்டங்களுக்குப் பணம் வைக்கவில்லை. உங்கள் பண்ணைக்காரர் சொன்னது அதைத்தான். 2025 ஜூலையில் நிறைவேறிய பெரிய பட்ஜெட் சட்டத்தில் சான்றிதழ் உதவிக்கு மறுபடி பணம் வந்திருக்கிறது, விசாரிக்கச் சொல்லுங்கள்.

மக்காச்சோளக்காரர் கதை வேறு. அவருக்கு பிஎல்சி என்று ஒரு திட்டம். ஒரு ரெஃபரன்ஸ் விலை சட்டத்திலேயே எழுதியிருக்கும். நாட்டின் சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தரும். 2018 சட்டத்தில் மக்காச்சோளத்துக்கு ஒரு புஷலுக்கு (இங்கே தானியம் அளக்கும் அளவு) 3.70 டாலர். 2025-ல் அதை 4.10 ஆக்கினார்கள், சோயாவை 8.40-லிருந்து 10 டாலராக. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 பேஸ் ஏக்கர், கணக்கில் உள்ள விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல், ரெஃபரன்ஸ் விலை 4.10, சந்தை விலை 3.90 என்று வையுங்கள். 20 செண்ட் வித்தியாசம், அதை 150-ஆல் பெருக்கி, 200 ஏக்கரில் உதவி கிடைக்கும் 85 சதவீதத்துக்கு எடுத்தால் 5,100 டாலர். அறுவடை செய்த கையோடு இது வராது, அடுத்த வருஷம் அக்டோபருக்குப் பிறகுதான்.

இதில் பேஸ் ஏக்கர் என்பதைக் கவனியுங்கள். இந்த வருஷம் என்ன விதைத்தீர்கள் என்பதல்ல, அந்த நிலத்தில் பல வருஷத்துக்கு முன் என்ன விளைந்தது என்ற பழைய பதிவு அது. மக்காச்சோளப் பேஸ் உள்ள நிலத்தில் இன்று சோயா போட்டாலும் மக்காச்சோளக் கணக்கில் பணம் வரும். பேஸ் ஏக்கரில் 15 சதவீதத்துக்கு மேல் காய்கறி, பழம் போட்டாலோ, கூடுதல் ஏக்கருக்கு ஏற்ப உதவி குறையும். ஆக, காய்கறிக்கு மாற நினைப்பவரைச் சட்டமே பின்னால் இழுக்கிறது. இளம் விவசாயிகள் குத்தகைக்கு நிலம் தேடி எங்கள் ஆபீசுக்கு வரும்போது முதலில் கேட்பதே "இதில் பேஸ் எவ்வளவு?" என்பதுதான். பேஸ் அதிகமென்றால் குத்தகையும் ஏறிவிடும். விவசாயிக்கென்று வந்த பணத்தில் ஒரு பகுதி நில உரிமையாளர் கைக்குப் போய்ச் சேர்கிறது.

மாடிசன்_மலர்:

ரொம்ப நன்றி அண்ணா. பேஸ் ஏக்கர் விஷயம் இப்போதுதான் விளங்குகிறது. இன்னொரு சந்தேகம். இந்தச் சட்டத்துப் பணத்தில் முக்கால்வாசிக்கு மேல் ஃபுட் ஸ்டாம்புக்குப் போகிறதாமே? விவசாயச் சட்டத்தில் அது எப்படி வந்தது?

டெட்ராய்ட்_செல்வி:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் பகுதி உணவு வங்கியில் சனிக்கிழமைதோறும் உதவிக்குப் போகிறேன்.

ஃபுட் ஸ்டாம்ப் சட்டம் 1964-லேயே தனியாக வந்தது. அதை ஃபார்ம் பில்லோடு சேர்த்தது 1973-ல். விவசாய மாவட்ட உறுப்பினர்களின் ஓட்டு மட்டும் போதாது, நகரத்து உறுப்பினர்களின் ஓட்டும் வேண்டும். அவர்களுக்கோ ஏழைகளின் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் வேண்டும். இந்த ஒப்பந்தம்தான் அரை நூற்றாண்டாக இந்த மசோதாவைத் தூக்கி நிறுத்துகிறது. 2013-ல் கீழவையில் மசோதா தோற்றதும் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக நிறைவேற்றினார்கள். கடைசியில் 2014 சட்டத்தில் மறுபடி ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தது.

2025 ஜூலை சட்டம் அந்த ஒப்பந்தத்தையே அசைத்துவிட்டது. சிபிஓ கணக்குப்படி ஸ்நாப்பில் (ஃபுட் ஸ்டாம்புக்கு இப்போதைய பெயர்) பத்தாண்டில் 18,000 கோடி டாலருக்கு மேல் வெட்டு, அதே சட்டத்தில் ரெஃபரன்ஸ் விலை உயர்வு. நகரத்து உறுப்பினர்கள் இனி எதற்காக ஓட்டுப் போடுவார்கள்?

கதிர் சொன்ன இரண்டு வழிக்கும் நடுவில் ஸ்நாப் நிற்கிறது. தகுதி உள்ள எல்லாருக்கும் கொடுத்தாக வேண்டும், ஆனால் காசு வருஷாந்தர ஒதுக்கீட்டுச் சட்டம் வழியாகத்தான் வரும். 2025 அக்டோபரில் அரசு முடங்கியது, ஒதுக்கீடு இல்லை. நவம்பர் முதல் வாரம் கார்டில் பணம் ஏறவில்லை. நான்கு கோடிக்கும் அதிகமானோர் அப்போது நம்பியிருந்த திட்டம் இது. அந்தச் சனிக்கிழமை எங்கள் வரிசையில் பால் பவுடர் கேட்டு நின்ற தாய்மார்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? பத்து மணிக்குள் தட்டெல்லாம் காலி. பட்ஜெட் நடைமுறையில் உள்ள ஒரு ஓட்டை எப்படிப் பசியாக மாறுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டேன்.

அயோவா_கதிர்:

செல்வி அக்கா சொல்வது முழுக்க உண்மை. அந்த முடக்கத்தில் பண்ணை உதவிகளைக் கவனிக்கும் விவசாயத் துறையின் எங்கள் ஊர் எஃப்எஸ்ஏ அலுவலகமும் சில வாரம் பூட்டிக் கிடந்தது. ஆனால் நான் விற்கும் பயிர்க் காப்பீடு? அதற்கு 1938-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, ஃபார்ம் பில் காலாவதியானாலும் அது ஓடும். பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசே கட்டுகிறது. டிசம்பரில் தரப்போகும் தானியத்துக்கு முன்கூட்டியே சந்தையில் பேசும் விலைதான் டிசம்பர் ஃப்யூச்சர்ஸ்; பிப்ரவரி மாதத்தில் அந்த விலையின் சராசரியை எடுத்து மக்காச்சோளத்துக்கு உத்தரவாத விலை வைப்பார்கள், மார்ச் 15-க்குள் கையெழுத்து. வாஷிங்டனில் என்ன குழப்பம் நடந்தாலும் இந்தத் தேதி மாறாது.

இன்னொரு பணப்பெட்டியும் உண்டு. கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன், 1933-ல் தொடங்கியது, கருவூலத்திலிருந்து 3,000 கோடி டாலர் வரை கடன் வாங்கலாம். பிஎல்சி பணமெல்லாம் அது வழியாகத்தான். 2018, 2019-ல் சீனாவோடு வரிச்சண்டை வந்தபோது சுமார் 2,300 கோடி டாலரை அதிலிருந்தே கொடுத்தார்கள். அதற்கென்று காங்கிரஸ் தனியாக ஒரு சட்டம்கூட நிறைவேற்றவில்லை. சோயா விலை விழுந்த வேதனை எனக்கும் தெரியும், அந்த உதவி தேவைதான். ஆனால் அவ்வளவு தொகையைச் செலவழிக்க வழி இருந்த நாட்டில் 750 டாலர் சான்றிதழ் உதவிக்கு வழி இல்லை என்பதை என்னால் ஏற்கமுடியவில்லை.

மாடிசன்_மலர்:

எங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு நானும் அந்தத் தம்பதியும் சேர்ந்து கடிதம் எழுதலாம் என்று இருக்கிறோம். என்ன கேட்கவேண்டும்?

அயோவா_கதிர்:

"சின்ன விவசாயிகளுக்கு ஆதரவு தாருங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்கு எல்லாரும் தலையாட்டுவார்கள். சான்றிதழ் உதவிக்கு மாண்டேட்டரி பணம் வேண்டும், அது சட்டம் முடிந்த பிறகும் பேஸ்லைனில் தொடரவேண்டும் என்று அந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். பேஸ் ஏக்கரில் காய்கறிக்கு உள்ள 15 சதவீத வரம்பைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள். உங்கள் உறுப்பினர் விவசாயக் கமிட்டியில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கமிட்டித் தலைவருக்கும் மூத்த எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் ஒரு நகல் போடுங்கள். 2025 நவம்பரில் செய்த நீட்டிப்பு 2026 செப்டம்பர் 30 வரைதான். கோடை விடுமுறைக்கு அவர்கள் கலைவதற்கு முன் கடிதம் போய்ச் சேரட்டும். அந்தத் தம்பதி கட்டிய சான்றிதழ் ரசீதின் நகலையும் கூடவே வையுங்கள்.