‘பிளாக்மெயில்’ என்பதை வெறும் ‘மிரட்டல்’ என்று எழுதலாமா?

எழுத்தாணி (கேள்வி):

வணக்கம். ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். மணமான பெண்ணொருத்தி முன்பு வேறொருவருக்கு எழுதிய காதல் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவன் மாதந்தோறும் அவளிடம் பணம் வாங்குகிறான். மூலத்தில் ‘பிளாக்மெயில்’ வினைச்சொல்லாக வரும் இடத்தில் ‘கடிதங்களைக் காட்டி மிரட்டினான்’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்த நண்பர் அதை அடித்துவிட்டு, ‘கத்தியைக் காட்டினாலும் மிரட்டல்தான், கண்ணை உருட்டினாலும் மிரட்டல்தான், இவன் செய்வது வேறு’ என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். அவர் சொல்வது சரியென்றே படுகிறது. ஈடான சொல்தான் அகப்படவில்லை. கதையில் கடிதங்கள் வருவதால் இன்னொரு ஐயமும் எழுகிறது. இச்சொல்லின் பின்பாதிக்கும் அஞ்சலுக்கும் தொடர்பு உண்டா?

வரப்பு:

அஞ்சலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அஞ்சலைக் குறிக்கும் ‘மெயில்’ பழைய பிரெஞ்சில் பையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ‘பிளாக்மெயி’லில் இருப்பதோ ஸ்காட்லாந்து வழக்கில் வாடகை, வரி, திறை என்ற பொருளில் வழங்கிய வேறொரு சொல். பேச்சு, உடன்பாடு என்ற பொருளுடைய பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியரின் பழைய மொழி) சொல் அதற்கு மூலம்.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் குதிரையேறி வந்து மாடுகளை ஓட்டிச்செல்லும் கூட்டத்தார் இருந்தனர். தொழுவத்தில் கை வைக்காமல் இருப்பதற்கும், பிற கூட்டத்தார் கை வைக்காமல் காப்பதற்கும் என்று அவர்கள் குடியானவர்களிடம் பெற்ற தொகைக்கே இந்தப் பெயர். நிலக்கிழாருக்கு முறையாகச் செலுத்திய வாடகை வெள்ளை, இது கறுப்பு. 1601இல் முதலாம் எலிசபெத் ஆட்சியில் கம்பர்லாந்து, நார்தம்பர்லாந்து, வெஸ்ட்மர்லாந்து, டர்ஹம் பகுதிகளுக்கென இயற்றப்பட்ட சட்டம் இதை வாங்குபவரை மட்டுமன்றி, கொடுப்பவரையும் குற்றவாளியாக்கியது. கொடுக்காவிட்டால் மாடு போகும், கொடுத்தால் தலை போகும் என்ற நிலை அந்தக் குடியானவனுக்கு!

நம் தென்மாவட்டங்களில் ‘துப்புக்கூலி’ என்று ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காளை களவு போன மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஓர் ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்து, ‘இன்ன தொகை கொடுத்தால் காளை எங்கே நிற்கிறது என்று விசாரித்துச் சொல்கிறேன்’ என்பார். அவர் குரலை உயர்த்துவதும் இல்லை, கம்பைத் தூக்குவதும் இல்லை. ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் குறிப்புகளில் இதனையும் ‘பிளாக்மெயில்’ என்றே எழுதினர். எல்லைப்புறத்துச் சொல்லுக்கு அவ்வளவு பொருத்தமான இணை வேறெங்கும் கிடைத்திராது. இரகசியத்தை வெளியிடுவதாகச் சொல்லிப் பணம் கேட்பது என்ற இன்றைய பொருள் பின்னர், 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

கறுப்பு அங்கி:

நீதிமன்றத்தில் புழங்குபவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் ‘பிளாக்மெயில்’ என்பது குற்றத்தின் பெயராகவே உள்ளது. தண்டனை 14 ஆண்டுகள் வரை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அந்தப் பெயரில் தனிக் குற்றம் இருக்கவில்லை. ஆனால், மிரட்டிப் பறித்தலை வரையறுத்த 383ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டே, ஒருவரைப் பற்றி அவதூறு வெளியிடப்போவதாக அச்சுறுத்திப் பணம் பெறுவதுதான். அச்சட்டத்துக்குப் பதிலாக 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 308ஆம் பிரிவு. வெறும் மிரட்டல் முன்பு 503இல் இருந்தது, இப்போது 351இல் இருக்கிறது. அச்சத்தால் ஏதேனும் கைமாறியதா என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு. ஆகவே உங்கள் நண்பர் அடித்தது சரி.

மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அந்தக் கடிதங்கள் பொய்யல்ல. அவற்றைக் கணவரிடம் காட்டுவது மட்டுமே எனில், அது இழிவானதேயன்றிப் பெரும்பாலும் குற்றமாகாது. காட்டாமலிருக்க விலை கேட்கும்போதுதான் அது குற்றமாகிறது. ‘மிரட்டினான்’ என்ற சொல்லில் அந்த விலை இல்லை.

வரப்பு:

அதனால்தான் ‘எமோஷனல் பிளாக்மெயில்’ என்பதை ‘உணர்ச்சி மிரட்டல்’ என்று பெயர்க்கும்போது அது யாருடைய வாயிலும் ஒட்டுவதில்லை. ‘நீ வரும்வரை நான் சாப்பிடப் போவதில்லை’ என்று தாய் தொலைபேசியில் சொல்வதில் மிரட்டல் எங்கே இருக்கிறது? பேரம் இருக்கிறது. பேச்சில் எல்லோரும் ‘பிளாக்மெயில் பண்ணாதே’ என்றே சொல்கிறார்கள். உரையாடலில் அதை அப்படியே விட்டுவிடுவதில் எனக்கு மறுப்பில்லை.

எழுத்தாணி:

இருவருக்கும் நன்றி. வினைச்சொல்லைத் தேடியதில்தான் தடுமாறியிருக்கிறேன். இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘கடிதங்கள் கணவரின் கைக்குப் போகாமலிருக்க மாதம் இவ்வளவு என்று விலை வைத்தான்.’ மூலத்தில் ஒரு சொல், என்னிடம் ஒன்பது சொற்கள். நண்பர் நீளத்தைக் குறை சொல்லக்கூடும். ஆனால் அவருக்கே வேறு சொல் தெரியவில்லை என்பதை நினைவூட்டிக்கொள்கிறேன்.