விண்வெளி நிலையம் என் ரேடியோ பாக்கெட்டைத் திருப்பி அனுப்ப மாட்டேங்குது. யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே, சேலத்திலிருந்து எழுதுறேன். ஒரு மாசமா 145.825 மெகாஹெர்ட்ஸில் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஏபிஆர்எஸ் டிஜிபீட்டரை, அதாவது ஹாம் ரேடியோக்காரங்க அனுப்புற சின்ன டேட்டா பாக்கெட்டை வாங்கித் திருப்பி அனுப்புற கருவியை, பிடிக்கப் பார்க்கிறேன். கேட்கிறதில் குறையே இல்லை. மொட்டைமாடியில் டேப் அளவுகோல் வெட்டிச் செஞ்ச யாகி ஆன்டெனா, யுஎஸ்பியில் செருகுற ஆர்டிஎல் டாங்கிள் ரிசீவர், லேப்டாப்பில் பாக்கெட்டை டிகோட் பண்ற டயர்வுல்ஃப் மென்பொருள். நேத்து சாயங்காலம் நிலையம் கிழக்கே இறங்கும்போது இந்தோனேசிய ஸ்டேஷன் ஒண்ணு இருப்பிடத்தோட விழுந்துச்சு. நிலையத்தோட அழைப்புக்குறி ஆர்எஸ்0ஐஎஸ்எஸ் பக்கத்தில், அது திருப்பி அனுப்பினதுக்கு அடையாளமான அந்த நட்சத்திரக் குறியைப் பார்த்ததும் வந்த சந்தோஷம் இருக்கே!

என் பாக்கெட் மட்டும் திரும்பி வரவே இல்லை. 5 வாட் கைசெட், கேபிள், வாக்ஸ் (சத்தம் வந்ததும் செட் தானா அனுப்ப ஆரம்பிக்கிற வசதி) போட்டு அனுப்புறேன். பாக்கெட் எது வழியா போகணும்னு சொல்ற பாத்தை ஏரிஸ்னுதான் (ARISS) கொடுத்திருக்கேன். நிலையம் வேகமா நகர்றதால வர்ற டாப்ளர் அலைவரிசை மாற்றம் இந்த 2 மீட்டர் பேண்டில் மூணு கிலோஹெர்ட்ஸ் சொச்சம்தான், எஃப்எம் தாங்கும். அதனால சந்தேகம் அங்கே இல்லை.

வீட்டுக்குள்ளேயே குறைஞ்ச பவரில் அனுப்பி டாங்கிளில் கேட்டுப் பார்த்தேன். மூணுக்கு ஒண்ணுதான் டிகோட் ஆகுது. வாக்ஸ் விழிக்கிறதுக்குள்ள பாக்கெட்டோட தலை வெட்டுப்படுதோ? பாக்கெட் தொடங்குறதுக்கு முன்னாடி விடுற இடைவெளியான டிஎக்ஸ்டிலேயை டயர்வுல்ஃப்பில் 30லிருந்து 50 ஆக்கியும் அதே கதை. இல்லை, ஆடியோ அதிகமாகி பாக்கெட்டைச் சுமக்கிற 1200, 2200 ஹெர்ட்ஸ் டோன் ரெண்டும் நசுங்குதா?

வாக்ஸை விட்டுட்டு யுஎஸ்பி சீரியலில் டிரான்சிஸ்டர் வெச்சு பிடிடி (செட்டை அனுப்ப வைக்கிற சுவிட்ச்) போட்டவங்க இருந்தா சர்க்யூட்டை வரைஞ்சு ஒரு போட்டோ போடுங்க. எஃப்எம் அலைவரிசை எவ்வளவு விலகுதுன்னு அளக்கிற டீவியேஷன் மீட்டர் இல்லாம ஆடியோ அளவை எப்படிச் சரிபண்ணினீங்கன்னும் சொல்லுங்க. வர்ற சனிக்கிழமைக்குள்ள மாத்திப் பார்க்கணும்.