வெறும் வயித்துல குடிக்கிற பிள்ளைங்க: பார்த்தவங்க, பட்டவங்க சொல்லுங்க

ஜன்னலோரம்:
பெங்களூர் கோரமங்களா பக்கம் ஒரு பி.ஜி.யில 2 வருஷம் இருந்தேன். ரூம்மேட் திருநெல்வேலிப் பொண்ணு, என்னைவிடச் சின்னவ. வெள்ளிக்கிழமை ஆனா டிபனைத் தொடமாட்டா. கேட்டா "விரதம்க்கா"ம்பா. எங்க அம்மாவும் வெள்ளிக்கிழமை ஒருபொழுதுதான், அதனால எனக்கு உறுத்தவே இல்லை. சாயங்காலம் ஆபீஸ் கும்பலோட பப்புக்குக் கிளம்பிடுவா. எடை ஏறக்கூடாதுன்னு, ராத்திரி குடிக்கப்போறதுக்காகப் பகல் சாப்பாட்டைக் கழிக்கிறான்னு புரியவே எனக்கு 8 மாசம் ஆச்சு.

வாந்தி எடுத்தா குடிச்சதாலன்னுதான் நினைப்போம். குடிக்காத நாள்லயும் பாத்ரூம் குழாய் ரொம்ப நேரம் ஓடும். கன்னம் ரெண்டும் பொன்னுக்குவீங்கி மாதிரி உப்பிப்போச்சு. ஊர்லேர்ந்து வந்த அவ அத்தை அதைப் பார்த்துட்டு, "பெங்களூர் சாப்பாடு ஒத்துக்கிச்சு போல"ன்னு சந்தோஷப்பட்டாங்க! கடைசில கண்டுபிடிச்சது ஒரு பல் டாக்டர். முன்பல்லோட உள்பக்கம் அரிச்சிருக்கு, அடிக்கடி வாந்தி எடுப்பியாம்மான்னு கேட்டாராம். வெளிய வந்து படிக்கட்டுலயே உக்காந்து அழுதா.

நான் செஞ்ச தப்பையும் சொல்லிடறேன். குடியைப் பத்தி மட்டும் அவ அம்மாகிட்ட போட்டுக்கொடுத்தேன். குடி நின்னுச்சு. பட்டினி நிக்கலை.

நைட் ட்யூட்டி:
நான் காஷுவாலிட்டி ஸ்டாஃப் நர்ஸ். சனிக்கிழமை ராத்திரி 4 பசங்க ஒருத்தனைத் தூக்கிட்டு வந்து, "ஓவராயிடுச்சு சிஸ்டர், தூங்கினா தெளிஞ்சிடும்"னாங்க. விரல்ல குத்திப் பார்த்தா சுகர் 41, ரொம்பக் கம்மி. சாப்பிடாம இருக்கும்போது கல்லீரல்தான் சர்க்கரை செஞ்சு கொடுக்கும். உள்ள போன சரக்கு அந்த வேலையைச் செய்யவிடாது. வியர்த்து, உளறி, மயங்கிக் கிடப்பாங்க. பக்கத்துல போனா சரக்கு வாடை, அதனால எல்லாரும் போதைன்னே விட்டுடுறாங்க.

இந்த மாதிரி வர்றவங்களுக்கு நாங்க குளுக்கோஸ் மட்டும் ஏத்தமாட்டோம், வைட்டமின் பி1 ஊசியும் சேர்த்துப் போடுவோம். பல நாள் பட்டினி, கூடவே குடின்னா உடம்புல பி1 வத்திப்போகும். கண் ஆடும், நடை தள்ளாடும். அதையும் பார்க்கிறவங்க போதைங்கறாங்க, என்னத்தைச் சொல்ல.

மயங்கினவன் வாயில மோர், எலுமிச்சைன்னு எதையும் ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்கவச்சுட்டு 108 கூப்பிடுங்க.

பழைய ஹாஸ்டல்வாசி:
பொண்ணுங்க விஷயம்னு நினைக்காதீங்க, நான் பையன். கோயம்புத்தூர்ல காலேஜ், ஜிம் பைத்தியம். குவார்ட்டரைப் பிரிச்சு உக்காந்தா சைடு டிஷ்ல கை வைக்கமாட்டேன். பசங்க "டெடிகேஷன்டா மச்சான்"னுவாங்க. அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது. ராத்திரி 2 மணிக்கு அதே நான் புரோட்டாக்கடையில உக்காந்தா எத்தனைன்னு கணக்கே இருக்காது. விடிஞ்சா அதுக்குத் தண்டனையா மறுபடி பட்டினி.

வீட்ல குடிநோய் மையத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எவ்வளவு குடிப்பே, எப்ப ஆரம்பிச்சேன்னு ஒரு மணி நேரம் கேள்வி. என்ன சாப்பிட்டேன்னு ஒருத்தரும் கேட்கலை. நானும் வாயைத் திறக்கலை. அப்புறம் ஒரு ராத்திரி அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணேன், தமிழ்லயே பேசினாங்க. அன்னிக்குத்தான் முதல் தடவையா ரெண்டையும் சேர்த்துச் சொன்னேன். இப்ப மனநல டாக்டர், டயட்டீஷியன் ரெண்டு பேரும் பார்க்கிறாங்க. எடை மெஷினை அம்மா பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க.

ஜன்னலோரம்:
தம்பி, ஒண்ணு கேட்கலாமா? அவ நேத்து போன் பண்ணி "சாப்டீங்களாக்கா"ன்னா. திருப்பிக் கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். உங்களை அப்படிக் கேட்டா எரிச்சல் வருமா?

பழைய ஹாஸ்டல்வாசி:
வரும்க்கா. எங்க அம்மா இப்பல்லாம் கேட்கிறதில்லை. தட்டை எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்துடறாங்க.