பொருநை உறவுகள் வாட்ஸ்அப் குரூப்: கிராம சபைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை

29 செப்டம்பர் 2024

நான்: எல்லாருக்கும் வணக்கம். புதன்கிழமை அக்டோபர் 2, கிராம சபை. எங்க மகளிர் குழு சார்புல தாமிரபரணி வெள்ளத்தைப் பத்தி ஒரு தீர்மானம் கொடுக்கப் போறோம். நிவாரணம் கேக்கிற மனு இல்ல. அடுத்த மழைக்கு என்ன ஏற்பாடுன்னு கேக்கிற தீர்மானம். நம்ம குடும்பத்துலயே அம்பையில (அம்பாசமுத்திரம்) இருந்து தூத்துக்குடி வரை ஆள் இருக்கு. போன டிசம்பர் (2023) வெள்ளத்துல அவங்கவங்க ஊர்ல பாத்ததைச் சொல்லுங்க, சேத்து எழுதுதேன்.

தம்பி துபாய்: நல்ல காரியம்க்கா. முதல்ல நம்ம குளத்துக்கரையை நாலடி உயத்தச் சொல்லு. இங்க உள்ள நம்ம ஊர்ப் பயலுவ சேந்து ஒரு பங்கு பணம் தாரோம்.

பெரியப்பா: கரையை உயத்துனா அந்தத் தண்ணி எங்கலே போகும்?

மதினி ஆத்தூர்: எங்க தலையிலதான் வந்து விழும்.

தம்பி துபாய்: அப்ப கரை உடைஞ்சு ஊருக்குள்ள வந்தா பரவாயில்லையா பெரியப்பா?

பெரியப்பா: கேளு. லஸ்கர் வேலையில மடை திறந்து மூடியே தலை நரைச்சவன் சொல்லுதேன். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுல இருந்து தென்கால் வாய்க்கால்ல வர்ற தண்ணி ஒரு குளத்தோட நிக்கிறது இல்ல. கடம்பாகுளம் நிறைஞ்சு, மிச்சத் தண்ணி வெளியேறுற மறுகால் பாஞ்சா அதுக்குக் கீழ உள்ள குளம், அது நிறைஞ்சா அதுக்கும் கீழ. மேல உள்ளவன் கரையை மட்டும் உயத்திட்டு மறுகாலை அப்படியே விட்டா, ரொம்பத் தண்ணி தேங்கி ஒரே அடியா உடைக்கும். கீழ உள்ள குளம் தாங்குமா? கரையைப் பலப்படுத்தணும், நான் வேண்டாம்னு சொல்லல. மறுகாலும், அது போற ஓடையும் கடல் வரைக்கும் தடையில்லாம இருக்கான்னு பாத்துட்டுச் செய்யணும். இப்ப ஓடை பூரா உடைமரமும் அமலைச் செடியும் அடைச்சுக் கிடக்கு.

தம்பி துபாய்: சரி பெரியப்பா. ஓடைக்கே பணத்தைக் கொடுப்போம்.

அண்ணன் அம்பை: இங்க இன்னும் 1992 வெள்ளத்தை வச்சுத்தான் பேசுதாவ. அணையைத் திறந்தா வெள்ளம், திறக்கலைன்னா பயம் இல்லன்னு ஒரு நெனப்பு. பாபநாசம் அணை முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு அணை 118 அடி. பேப்பர்ல அன்னைக்கு ரெண்டு அணையும் எவ்வளவுன்னு பாத்துட்டுத் தூங்கப் போயிருவோம்.

நான்: அண்ணே, அதுதான் நம்மளைக் கவுத்துட்டு. டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ. திருச்செந்தூர்ல 69. ஸ்ரீவைகுண்டத்துல 62. இதெல்லாம் அணைக்குக் கீழ பெஞ்ச மழை. மலையில பெஞ்சது வேற. சீவலப்பேரியில வந்து சேர்ற சிற்றாத்துத் தண்ணி வேற. அணைக்காரங்க எவ்வளவு சரியா நடந்தாலும், அணை மட்டத்தை மட்டும் வச்சு எச்சரிக்கை கொடுத்தா நமக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

சித்தி தூத்துக்குடி: எங்களுக்கு அதுகூடத் தெரியல. ஆத்துல இருந்து வரும்னு தெக்க பாத்துட்டு இருந்தோம். தண்ணி வடமேக்க இருந்துல்லா வந்துச்சு. கோவில்பட்டியில 53 செ.மீ. மழை. கயத்தாறு பக்கத்துத் தண்ணியெல்லாம் உப்பாத்து ஓடை வழியா கோரம்பள்ளம் குளத்துக்கு வந்து, குளம் உடைஞ்சு டவுனுக்குள்ள புகுந்துட்டு. கயத்தாறுல மழை கொட்டும்போதே எங்களுக்கு ஒரு வார்த்தை வந்திருந்தா கீழ்வீட்டுச் சாமானையாவது மாடிக்கு ஏத்தியிருப்போம். பக்கத்து வீட்டு ஆச்சியைக் கட்டிலோட தூக்கினோம்.

மாமா சாத்தான்குளம்: (பல முறை பகிரப்பட்டது) அவசரம் அவசரம். தென் மாவட்டங்களுக்கு மிகப் பெரிய ஆபத்து. பத்து நாள் யாரும் வெளியே வர வேண்டாம். அனைவருக்கும் பகிரவும்.

நான்: மாமா, இதுல தேதி இல்ல, யார் சொன்னதுன்னும் இல்ல. அழிச்சிருங்க. வானிலை ஆய்வு மையம், கலெக்டர் ஆபீஸ் ரெண்டு இடத்துல வந்தா மட்டும் இங்க போடுவோம். பொய்ச் செய்தியைப் பாத்துப் பாத்துப் பழகிட்டா, நெசமா வரும்போது யாரும் அசைய மாட்டாங்க.

மாமா சாத்தான்குளம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமா சாத்தான்குளம்: அழிச்சாச்சும்மா. ஆனா ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு கரண்டும் இல்ல, டவரும் இல்ல. கலெக்டர் ஆபீஸ் உதவி எண் 1077க்கு எப்படிக் கூப்பிட? இந்தக் குரூப்புலயே மூணு நாள் ஒரு மெசேஜ் வரல.

நான்: இதைக் கட்டாயம் சேக்கணும் மாமா. போன் இல்லாமலும் நடக்கிற ஏற்பாடு வேணும். கோயில், பள்ளிவாசல், சர்ச் மூணுலயும் மைக் இருக்கு. பேட்டரியில ஓடுற மாதிரி ஒண்ணாவது இருக்கணும். எந்தத் தெருவுக்கு யார் போய்க் கதவைத் தட்டணும்னு முன்னாலயே பேர் எழுதி ஒட்டணும். முதல்நிலை மீட்பாளர்னு ஊருக்குச் சிலரை அரசாங்கம் பதிவு செஞ்சிருக்கு. நம்ம ஊர்ல அந்தப் பட்டியல்ல யார் இருக்கான்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. பொம்பளைங்க பேர் அதுல இருக்கணும். பகல்ல ஊர்ல இருக்கது நாங்கதானே.

பெரியப்பா: படகையும் எழுது. கடக்கரை மீனவங்க வள்ளத்தைக் கொண்டாந்து இறக்கின பிறகுதான் நிறைய பேர் வெளிய வந்தாவ. அவங்களா வந்தாவ. அடுத்த தடவை எந்த ஊர் வள்ளம் எந்த ஊருக்கு, லாரி யாரு, டீசல் காசு யாருன்னு முதல்லயே பேசி வைக்கணும்.

நான்: ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ்ல சுமார் 800 பேர் மாட்டிக்கிட்டாங்கல்ல. பக்கத்து ஊர்க்காரங்கதான் சமைச்சுப் போட்டாங்க. தன் வீட்டுக்குள்ள தண்ணி நிக்கையில அடுத்தவனுக்கு உலை வச்சவங்க. அப்படிப்பட்ட மனுசருக்கு மேடான இடத்துல ஒரு அரிசி இருப்பும் நாலு சிலிண்டரும் ஒரு ஜெனரேட்டரும் வச்சுக் கொடுக்கிறது பெரிய காரியமா? தங்க வைக்கச் சொன்ன கட்டடமே தண்ணிக்குள்ள நின்னா எங்க போக? அன்னைக்குத் தண்ணி நின்ன உயரத்தைச் சுவத்துல கோடு போட்டு, அதுக்கு மேல உள்ள கட்டடத்தைத்தான் முகாமா எழுதணும்.

மதினி ஆத்தூர்: வெள்ளம் வடிஞ்ச பிறகு உள்ள பாட்டையும் எழுது தாயி. அதைத்தான் யாரும் பேச மாட்டேங்காவ. ரேசன் கார்டுக்கு 6,000 ரூவா வந்துச்சு, வாங்கினோம். வீட்டுச் சகதியை அள்ளவும் பாயி, அடுப்பு வாங்கவும் சரியாப் போச்சு. வெத்தலைக் கொடிக்கால் போச்சே. அகத்தி விதைச்சு, அது வளந்து, கொடி ஏறி, வெத்தலை கிள்ள எத்தனை மாசம். அதுவரை கடன்தான். நிலம் குத்தகைக்குத்தான எடுத்தோம். பயிர் நட்டத்துக்குப் பயிர்க் கணக்கான அடங்கல் கேட்டாவ. அடங்கல் நிலத்துக்காரர் பேர்ல இருக்கு. பணம் அவருக்குப் போச்சு.

நான்: வாழைக்காரங்களுக்கும் இதே கதைதான் மதினி. குத்தகைதாரர் பேரைப் பதிவு பண்ண 1969லயே சட்டம் வந்துட்டு. பேர் எழுதினா நிலம் கைவிட்டுப் போயிரும்னு நிலத்துக்காரங்க பயப்படுதாங்க, அதனால எல்லாம் வாய்ப்பேச்சாவே நடக்கு. நான் இப்படி எழுதலாம்னு நினைக்கேன்: ஐப்பசி மழைக்கு முன்னால வி.ஏ.ஓ. வயலுக்கு வந்து இந்தப் பருவத்துல யார் பயிர் வச்சிருக்கான்னு பாத்து எழுதணும். நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் மட்டும் அது செல்லும், நில உரிமைக்குச் செல்லாதுன்னு சேத்தே எழுதிட்டா நிலத்துக்காரரும் ஒத்துக்குவாரு.

மதினி ஆத்தூர்: அப்படி எழுதினா எங்க ஊர்ல நூறு பேர் கையெழுத்து நான் வாங்கித் தாரேன்.

தம்பி துபாய்: அக்கா, தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாய் வருதே. அது வந்துட்டா வெள்ளம் அந்தப் பக்கம் போயிரும்லா?

பெரியப்பா: வறண்ட நாட்டுக்குத் தண்ணி கொண்டுபோக அது நல்ல கால்வாய், நான் மனசார வாழ்த்துதேன். ஆனா அது எடுக்கிறது விநாடிக்கு 3,200 கன அடி. அன்னைக்கு ஆத்துல போனது லட்சத்துக்கு மேல. அதை நம்பி நாம சும்மா இருந்துறக் கூடாது.

அண்ணன் அம்பை: இதுக்கெல்லாம் பஞ்சாயத்துல பணம் ஏது?

நான்: பஞ்சாயத்துப் பணத்துல நடக்காதுண்ணே. 15ஆவது நிதிக்குழு மாநிலப் பேரிடர் நிதியில 20 சதவீதத்தைத் தணிப்புக்குன்னு ஒதுக்கச் சொல்லியிருக்கு. வெள்ளம் வர்றதுக்கு முன்னால செய்யிற வேலைக்கான பணம் அது. ஒரு ஊர் தனியாக் கேட்டா கிடைக்காது. பாபநாசத்துல இருந்து கடல்ல சேர்ற புன்னைக்காயல் வரைக்கும் ஆறு ஒண்ணு, ஆனா திருநெல்வேலி ஒரு கலெக்டர், தூத்துக்குடி ஒரு கலெக்டர், சிற்றாறு வர்ற தென்காசிக்கு இன்னொரு கலெக்டர். மூணு மாவட்டமும் ஒரே மேசையில உக்காந்து ஒரே திட்டம் போடணும். மேல மழை அளவு, குளத்து மட்டம், அணைத் திறப்பு மூணும் கீழ உள்ள ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த நேரமே வரணும். தீர்மானத்துல முதல் வரி இதுதான்.

பெரியப்பா: கோரம்பள்ளம் தண்ணி ஆத்தோட சேராது. கயத்தாறு, கோவில்பட்டி ஓடைகளையும் தனியாச் சேத்து எழுது. இல்லன்னா உன் சித்தி திரும்பவும் தெக்க பாத்துட்டு இருப்பா.

சித்தி தூத்துக்குடி: ஆமா, மறந்துராத.

அண்ணன் அம்பை: இதே தீர்மானத்தை எனக்கு அனுப்பு. இங்க பக்கத்துல மூணு பஞ்சாயத்துல எனக்குப் பழக்கம் உண்டு. புதன்கிழமை அங்கயும் படிக்கச் சொல்லுதேன். மேல உள்ளவனும் கீழ உள்ளவனும் ஒரே வார்த்தையில கேட்டா கலெக்டர் ஆபீஸ்ல தள்ள முடியாது.

நான்: ராத்திரிக்குள்ள அனுப்புதேன்ணே. பெரியப்பா, எந்தெந்த மறுகால் ஓடை அடைச்சிருக்குன்னு இடத்தோட பேர் சொல்லுங்க. சாயந்திரம் நோட்டோட வாரேன்.

பெரியப்பா: வா. நடந்தே காட்டுதேன். தீர்மானம் ரெண்டு பிரதி எடு. ஒண்ணுல தேதியோட சீல் வாங்காம கூட்டத்தை விட்டு எந்திரிக்காத.