சிவகார்த்திகேயனை உயர்த்தியது பலகுரலா, தொகுப்புரையா?

காரைக்குடித் தொகுப்பாளன்:
அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் திருமண வரவேற்புகளையும் கோயில் திருவிழா மேடைகளையும் தொகுத்து வழங்கி வருகிறேன். நடிகர்களின் குரலில் பேசினால் கைதட்டல் கிடைக்கிறது. ஆனால் அடுத்த முகூர்த்தத்துக்கு என்னை அழைப்பவர்கள், 'அந்த வடிவேலு குரல் தம்பி' என்றுதான் தேடுகிறார்களே தவிர, என் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. நம் பக்கத்துச் சிங்கம்புணரியில் 1985இல் பிறந்த சிவகார்த்திகேயனும் 'கலக்கப்போவது யாரு' தொலைக்காட்சி நகைச்சுவைப் போட்டி மேடையில் பலகுரல் செய்துதான் தொடங்கினார். அவரை நாயகன் வரைக்கும் கொண்டுபோனது அந்தத் திறமையா, பிறகு செய்த தொகுப்பாளர் பணியா? நான் எதில் கூடுதலாக உழைக்க வேண்டும்?

கம்பன் விழா ரசிகர்:
தம்பி, என் கணிப்பில் தொகுப்பாளர் பணிதான். பலகுரல் கலைஞர் எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவுக்கு அவரே மறைந்துபோகிறார். சிரிப்பும் அன்பும் அவர் யாருடைய குரலில் பேசினாரோ அந்த நடிகருக்குப் போய்ச் சேருகின்றன. தொகுப்பாளரோ வாரந்தோறும் சொந்த முகத்தோடும் சொந்தக் குரலோடும் வீட்டுக்குள் வருகிறார்.

சிவகார்த்திகேயன் தொகுத்து வழங்கிய 'அது இது எது' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் 'சிரிச்சா போச்சு' சுற்றை நினைத்துப் பாருங்கள். வேடமிட்டு வரும் கலைஞர்கள் என்ன கூத்து அடித்தாலும் விருந்தினர் பல் தெரியச் சிரித்துவிடக் கூடாது என்பது விதி. சிரிக்க வைக்கும் வேலை கலைஞர்களுடையது, அடக்கும் வேலை விருந்தினருடையது. நடுவில் நிற்பவருக்கு நகைச்சுவையாகச் செய்ய ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு துணுக்கு எடுபடாமல் போகும்போது அதையே கேலி செய்து காப்பாற்றுவதும், உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கும் விருந்தினரிடம் சரியான நொடியில் ஒரு கேள்வியைப் போடுவதும், தன்னையே கிண்டலுக்குக் கொடுப்பதும் அவருடைய வேலையாக இருந்தன. நம்மூர்க் கம்பன் விழாப் பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று; குன்றக்குடி அடிகளார் போன்றோர் அமர்ந்த நடுவர் இருக்கையின் வேலையும், பேச வந்தவரை ஒளிரச் செய்வதுதானே!

திருமயம் பக்கம்:
ஐயா சொல்வதை முழுவதும் ஏற்க இயலவில்லை. திறமை இருந்தும் அதே மேடையில் நின்றுவிட்டவர்கள் பலர். 2012இல் 'மெரினா' படத்தில் சிவகார்த்திகேயனை நாயகனாக்கியவர் எங்கள் விராச்சிலையைச் சேர்ந்த இயக்குநர் பாண்டிராஜ். மறு ஆண்டு 'எதிர்நீச்சல்' படத்தைத் தயாரித்தவர் தனுஷ். நம்பிக் கதவைத் திறந்துவிட ஆள் வேண்டும். 2025 செப்டம்பரில் மறைந்த ரோபோ சங்கரை நினைத்துப் பாருங்கள்: உடம்பெல்லாம் வெள்ளிச் சாயம் பூசிக்கொண்டு ஊர் ஊராக இயந்திர மனிதனாக ஆடியவர், மேடையை ஆள்வதில் எவருக்கும் இளைத்தவரல்லர். திரையில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் துணை வேடங்களே.

தேவகோட்டை ஆச்சி மகள்:
ரோபோ சங்கரைப் பற்றிச் சொன்னது ஐயாவின் கருத்துக்கே வலுச் சேர்க்கிறது. சாயத்துக்குள் இருக்கும் முகத்தை யார் பார்க்கிறார்கள்? இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிவகார்த்திகேயன் சிரிப்பை மட்டுமே நம்பி நின்றுவிடவில்லை. 'கோலமாவு கோகிலா'வில் வரும் 'கல்யாண வயசு' பாடலை எழுதியவர் அவர்தான். சொந்த நிறுவனத்தின் முதல் படமான 'கனா'வில் (2018) கதையின் மையத்தைக் கிரிக்கெட் ஆடும் பெண்ணுக்கு விட்டுக்கொடுத்து, தான் துணைப் பாத்திரத்தில் வந்தார். 2024இல் பெர்லின் திரைப்பட விழா வரை சென்ற 'கொட்டுக்காளி'யில் நாயகன் சூரி. சிவகார்த்திகேயன் தயாரிப்பாளர் மட்டுமே. அதே ஆண்டு 'அமரன்' படத்தில் மேஜர் முகுந்த் வரதராஜனாக, கிண்டலுக்கு இடமே இல்லாத வேடத்தைச் சுமந்தார். அடுத்தவரை முன்னே நிறுத்தும் தொகுப்பாளர் குணம் தயாரிப்பாளரிடமும் தொடர்வதாகவே எனக்குப் படுகிறது.

உங்கள் தொழிலுக்கு வருவோம். சென்ற தையில் பள்ளத்தூரில் ஒரு வரவேற்பு. வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) ஜமக்காளம் விரித்து ஆச்சிமார் உட்கார்ந்திருக்க, தொகுப்பாளர் ஐந்து நடிகர்களின் குரலில் பேசி முடித்தார்; மரியாதைக்குக் கைதட்டினார்கள். பிறகு மணமகளின் ஐயாவிடம், 'பேத்தி உங்களிடம் முதன்முதலில் என்ன கேட்டு அடம்பிடித்தாள்?' என்றார். பெரியவர் வெட்கத்தோடு, 'பர்மாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள், நானே போனதில்லை' என்று சொன்னதும் முன்கூடமான பட்டாலை வரைக்கும் சிரிப்பு. அந்தத் தொகுப்பாளரின் பெயரை இன்றும் எங்கள் வீட்டில் சொல்கிறார்கள்.

காரைக்குடித் தொகுப்பாளன்:
மிக்க நன்றி. அடுத்த வரவேற்பு கண்டனூரில். பலகுரலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன். ஒரே ஓர் ஐயம்: நம் பக்கத்துப் பெரியவர்களிடம் மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது எப்படி?

கம்பன் விழா ரசிகர்:
கொடுக்கவே கூடாது தம்பி. பக்கத்தில் குனிந்து நின்று நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். மரியாதைக்கும் மரியாதை, கட்டுப்பாடும் உங்கள் கையில்.