அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி: டிரைவ் பெல்ட் மாற்றுவது எப்படி?

கேள்வி: பிளேடுகள் நன்றாகச் சுழன்றாலும், மேட்டில் ஏறும்போது வண்டி நகராமல் ரப்பர் கருகும் வாடை வருகிறது. எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்தும் டிரைவ் பெல்ட்டை நானே மாற்றலாமா? காருக்கான பெல்ட் பொருந்துமா?

மறுமொழி 1: தாராளமாக மாற்றலாம். ஆனால் சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, எஞ்சின் ஆறிய பிறகே கை வையுங்கள். பிளேடுகள் உள்ள வெட்டும் தட்டைக் கழற்றி இறக்கியதும், பழைய பெல்ட் எந்தக் கப்பியின் எந்தப் பக்கமாகச் செல்கிறது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; புதியது காப்புக் கம்பிகளுக்கு உள்ளே அமையாவிட்டால் கழன்றுவிடும்.

மறுமொழி 2: கார் பெல்ட் வேண்டாம், நண்பரே. கிளட்ச் மிதியை அழுத்தும்போதெல்லாம் இந்தப் பெல்ட் தளர்ந்து வழுக்குவதால், அந்த உராய்வைத் தாங்கும் அராமிட் (வலுவான செயற்கை இழை) பெல்ட்டையே வண்டியின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

மறுமொழி 3: பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் கப்பியையும் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று ஒலித்தால் பேரிங் தேய்ந்திருக்கும். அதை மாற்றாவிட்டால் புதுப் பெல்ட்டும் விரைவில் கெடும்.