ஹொஹோபா இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது, தண்ணீர் போதவில்லையா?

வெயில்காரி:
அரிசோனாவில் சாண்ட்லரில் இருக்கிறேன். முன்வாசல் புல்லை எடுத்துவிட்டுச் சரளை பரப்பி, 2 வருஷத்துக்கு முன் 4 ஹொஹோபா (jojoba) வைத்தேன், விதையில் எண்ணெய் உள்ள புதர்ச்செடி. மெதுவாகத்தான் வளரும் என்றார்கள், சரி. ஜூனில் வெயில் 44 டிகிரி. இலையெல்லாம் விறைத்து நேராக நின்றது. வாடுகிறதோ என்று சொட்டுநீரைத் தினமும் 20 நிமிடம் ஆக்கினேன். இப்போது 3 செடிகளில் அடியிலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. குழாய் எட்டாத மதிலோரச் செடி மட்டும் ஜம்மென்று இருக்கிறது. அப்புறம், ஒன்றுகூடக் காய்க்கவில்லை. தலைக்கு எண்ணெய் எடுக்கலாம் என்று ஓர் ஆசை.

கள்ளிக்காடு:
முதலில் குழாயை மூடுங்கள். இலை நேராக நிற்பது வாட்டம் இல்லை, அதன் சுபாவமே அப்படி. உச்சி வெயில் விளிம்பில் மட்டும் படும். சொனோரா பாலைவனத்துச் செடி அது. உங்கள் பக்கத்து பீனிக்ஸ் நகரில் ஆண்டுக்கு 20 செ.மீ. மழைகூடக் கிடையாது, அதிலும் மலையடிவாரத்தில் யார் ஊற்றி வளர்ந்தது? சூடான மண்ணில் எப்போதும் ஈரம் நின்றால் வேர் அழுகும்.

பக்கத்தில் ஒரு முழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் கீழே கலீச்சி இருக்கிறது, நம்மூர் சுக்கான் பாறை மாதிரி. செடியைப் பெயர்த்து நடாதீர்கள், ஆணிவேர் அறுந்தால் பிழைப்பது கஷ்டம். சற்றுத் தள்ளிக் கடப்பாரையால் பாறையில் துளை போட்டு நீர் இறங்க வழி விடுங்கள். என் செடிகளுக்குக் கோடையில் மாதம் ஒருமுறைதான் தண்ணீர், ஆனால் ஆழமாக இறங்கும்வரை.

முற்றத்து முயல்:
காய்க்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம். பனைபோல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு, பூக்கும்வரை தெரியாது. குளிர்காலக் கடைசியில் பாருங்கள்: மஞ்சளாகக் கொத்துக்கொத்தாக இருந்தால் ஆண், பச்சையாக ஒற்றையாகத் தொங்கினால் பெண். தேனீயை எதிர்பார்க்க வேண்டாம், மகரந்தத்தைக் காற்றே கொண்டுபோகும். விதை எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், உண்மையில் அது திரவ மெழுகு. ஆனால் 4 செடியை நம்பித் தலைக்குத் தேய்க்கக் காத்திருக்காதீர்கள். எனக்கு ஒரு வருஷம் கிடைத்தது ஒரு டம்ளர் விதை!

வெயில்காரி:
தோண்டினேன். ஓர் அடியிலேயே கடப்பாரை டங்கென்றது. நேற்றுக் காலை ஊற்றிய தண்ணீர் இன்று மத்தியானமும் அப்படியே நிற்கிறது. மதிலோரத்தில் பாறையே இல்லை, வீடு கட்டியபோது உடைத்திருப்பார்கள்போல. 3 இடத்தில் துளை போட்டாயிற்று, சொட்டுநீரும் மூடியாயிற்று. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாதான் காலையில் வாளியோடு வாசலுக்குக் கிளம்புகிறார். துளசித் தொட்டியைக் காட்டி அனுப்பிவிட்டேன்.